மேல் வரி மட்டும்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கம்பெனியில் ஜனவரியில் கொடுத்த டைரி இது. அட்டையில் பம்ப் படம். ஏழு மாதமாக டிவி ஸ்டாண்டுக்கு அடியில் கிடந்தது, இன்றைக்குத்தான் தூசி தட்டி எடுத்தேன். பேசுவதற்கு வீட்டில் ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன். வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை. வசந்தாமணி போய் இன்றோடு எட்டு வாரம்.

பத்து மணிக்கு சிங்கப்பூரிலிருந்து தாரணி கூப்பிட்டாள். சாப்பிட்டீங்களா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா என்று வழக்கமான விசாரணை எல்லாம் முடிந்தது. பிறகு, "அப்பா, அம்மா கம்ப்யூட்டர்ல எழுதுன ஷீட்ட எனக்கு அனுப்புங்கப்பா" என்றாள்.

"எதுக்கு அம்மிணி இப்ப?"

"வேணும்ப்பா. அனுப்பறதுக்கு முன்னால நீங்க ஒருக்கா திறந்து பாருங்க."

ஜனவரியில் வசந்தாமணிக்குக் கேன்சர் மருந்து ஏற்றத் தொடங்கியபோது, உடம்பு எப்படி இருக்கிறது என்று தினமும் நாலு வேளையும் குறித்து வைக்கச் சொன்னார் டாக்டர். அவள் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வந்து பேனாவும் எடுத்துவிட்டாள். நான்தான் விடவில்லை. கோயமுத்தூரில் பம்ப் கம்பெனி பிளானிங் செக்‌ஷனில் முப்பத்தோரு வருஷம் எக்செல்லில் குப்பை கொட்டுகிறவன் வீட்டில் நோட்டா? ஒரே சாயங்காலத்தில் சொல்லிக் கொடுத்தேன். தமிழில் டைப் அடிக்கவும் பழகிக்கொண்டாள். ஒரு விரலால்தான், ஆனாலும் பழகிவிட்டாள்.

இன்றைக்கு அந்த ஃபைலைத் திறந்தேன். ஜனவரி 22 முதல் ஜூன் 6 வரை, 137 நாள். நாளுக்கு நாலு வரி, மொத்தம் 548. ஏ பத்தியில் தேதி, பி பத்தியில் வேளை, சி பத்தியில் குறிப்பு. தேதியை ஒவ்வொரு நாளின் முதல் வரியில் மட்டும் போட்டு, கீழே மூன்று கட்டங்களைக் காலியாக விட்டிருக்கிறாள். நாலு கட்டத்தையும் மெர்ஜ் செய்து, ஒரே கட்டமாக்கி, தேதியை நடுவில் நிறுத்த வேண்டும் என்று அத்தனை தடவை சொல்லியும் செய்யவில்லை. டி பத்தியில் 'அவர்' என்று தலைப்பு மட்டும் போட்டுவிட்டு ஒன்றுமே எழுதவில்லை. எதையோ ஆரம்பித்துப் பாதியில் விட்டிருக்கிறாள். காலிப் பத்தி எதற்கு என்று அதை டிலீட் செய்தேன்.

இப்படியே அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. நாளைக்கு, எக்செல் தானே எல்லா வரியையும் சரிசெய்துகொள்கிற மாதிரி ஒரு மாக்ரோ எழுதி ஒழுங்கு பண்ணிவிட்டு அனுப்புகிறேன்.

சாயங்காலம் படுக்கையறையைக் கூட்டினேன். பீரோ கண்ணாடி மேல் துண்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. துண்டு காயப்போட வேறு இடமே கிடைக்காது இவளுக்கு. எடுத்து மடித்து வைத்தேன். கண்ணாடியைச் சுற்றித் துரு ஏறியிருக்கிறது.

ஆகஸ்ட் 5, திங்கள்

மாக்ரோ ஓட்டினேன். இரண்டு வினாடி.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை. மாவு புளித்துவிட்டது, கொட்டினேன்.

ஆகஸ்ட் 7, புதன்

எழுதித்தான் ஆக வேண்டும். யாரிடமும் சொல்ல முடியாததைக் காகிதத்திலாவது சொல்லிவிடுகிறேன்.

புதிதாக மாக்ரோ எழுதச் சோம்பல்பட்டு, ஆபீஸில் ஷிஃப்ட் சார்ட்டுக்கு நான் எழுதி வைத்திருந்த பழைய மாக்ரோவையே எடுத்தேன். நாலு நாலு வரியாகப் போய் மெர்ஜ் செய்கிற மாக்ரோ. ஆரம்ப வரி 2, கடைசி வரி 549 என்று இரண்டு எண்ணை மட்டும் மாற்றினேன். ஷிஃப்ட் சார்ட்டில் முதல் மூன்று பத்தியையுமே மெர்ஜ் செய்வோம் என்பதை மறந்துவிட்டேன். அங்கே கீழ் மூன்று வரியும் எப்போதும் காலியாகத்தான் இருக்கும், அதனால் எதுவும் போகாது. இங்கே நான் மெர்ஜ் செய்ய வேண்டியது தேதிப் பத்தியை மட்டும். மாக்ரோ பழக்கதோஷத்தில் வேளையையும் குறிப்பையும் சேர்த்து மெர்ஜ் செய்துவிட்டது.

நாலு கட்டத்தை ஒன்றாக்கினால் மேல் கட்டத்தில் இருப்பது மட்டும்தான் நிற்கும். கீழே இருக்கிற மூன்றும் அழிந்துவிடும். எக்செல் அதை எச்சரித்துக் கேட்கும். கேட்கிற பெட்டி ஒவ்வொரு தடவையும் குதித்து எரிச்சல் மூட்டும் என்று, என் மாக்ரோ எல்லாவற்றிலும் முதல் வேலையாக எச்சரிக்கையை அணைத்து வைத்திருப்பேன். கடைசி வரியில் சேவ் செய்யும் கட்டளையும் இருக்கும். ஒரு காலத்தில் கரண்ட் நினைத்தபோது போய் நினைத்தபோது வரும், நாலு மணி நேர வேலை நொடியில் காணாமல் போகும். அப்போது பிடித்த பழக்கம். செக்‌ஷனில் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் நான் பெருமையாகச் சொல்லிக் கொடுக்கிற இரண்டு பாடமும் இவைதான்.

மாக்ரோ செய்ததை அன்டூ செய்ய முடியாது. ஆயிரம் தடவை நானே மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அன்றைக்குக் கன்ட்ரோல் இசட்டை எத்தனை தடவை அமுக்கினேன் என்று கணக்கில்லை.

137 காலை வரிகள் இருக்கின்றன. மதியம், மாலை, ராத்திரி என்று அவள் ஒரு விரலால் தட்டிய 411 வரிகளை அழித்துவிட்டேன். நான்தான் அழித்தேன், வேறு யாரும் இல்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

மெர்ஜ் ஆன கட்டங்களைப் பிரிக்க ஒரு மாக்ரோ எழுதினேன். பிரிந்தது. மேலே ஒரு வரி, கீழே மூன்று வெற்றுக் கட்டம். பிரித்தால் வராது என்று தெரியும். தெரிந்தும் எழுதினேன், பைத்தியக்காரத்தனம்.

இருக்கிற காலை வரிகளைப் படித்தேன். 'நல்லாத் தூங்குனேன்.' 'இன்னைக்குப் பரவால்லை.' 'ரெண்டு இட்லி சாப்புட்டேன்.' 'நல்லாருக்கேன்.' மருந்து ஏற்றிய மறுநாள்கூட 'நல்லாருக்கேன்' என்றுதான் இருக்கிறது.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்த வரிகள். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன், செருப்பு மாட்டிக்கொண்டு மானிட்டரை ஒரு பார்வை பார்ப்பேன். அவள் அப்போதுதான் அடித்து முடித்திருப்பாள். "பரவால்லையே, தேறிட்ட போ" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுப்பேன். ஒரு நாள் தவறினதில்லை.

மற்ற மூன்று வரிகளை நான் பார்த்தது ஞாபகமில்லை. அவளும் அதே பாட்டைத்தான் எழுதியிருப்பாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

தாரணி கேட்டாள். சிஸ்டம் கோளாறு, ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னேன். பெற்ற மகளிடம் வாய் கூசாமல் புளுகினேன்.

"ரிப்பேருக்கு முன்னால படிச்சீங்களாப்பா?"

"படிச்சேன், படிச்சேன்."

"எல்லா வரியுமா?"

"எல்லாந்தான். உங்கம்மா எழுத்து எனக்குத் தெரியாதா?"

பிறகு "சரிப்பா, மாத்திரை போடுங்க" என்று வைத்துவிட்டாள். குரல் சரியில்லை. மாப்பிள்ளையுடன் ஏதாவது சண்டையாக இருக்கும்.

எதிர்வீட்டு ராஜலட்சுமி அக்கா பாகற்காய்ப் புளிக்குழம்பு கொண்டுவந்து கொடுத்தார். வசந்தாமணி வைக்கிற மாதிரியே இருக்கிறது என்று சொல்லி வைத்தேன். இல்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

சொன்ன பொய்யை உண்மையாக்குகிற மாதிரி, கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காந்திபுரத்தில் இம்தியாஸ் கடைக்குப் போனேன். அழிந்த ஃபைலை மீட்டுத் தருகிறவர் என்று பெயர். என் வயதுக்காரர். ஒரு மணி நேரம் ஏதேதோ ஓட்டிப் பார்த்தார்.

"டிலீட் ஆன ஃபைல்னா எடுத்துரலாம் சார். நீங்க அதே ஃபைல் மேலயே சேவ் பண்ணியிருக்கீங்க. பழசு மேல புதுசு உக்காந்துருச்சு. யாரு பண்ணுனது, வீட்டுல யாராச்சும் தெரியாத்தனமா…"

"ஆமாங்க, தெரியாதவங்க பண்ணிட்டாங்க" என்றேன்.

வேறொரு ஃபைலைத் தேடிக் கொடுத்தார். அவளுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் நாள் ஃபைல். கத்திரிக்காய், வெண்டைக்காய், முருங்கைக்காய் என்று அடித்துப் பழகியிருக்கிறாள். அதற்குக் கீழே நான் சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனபோது அடித்தது போலிருக்கிறது, 'தெய்வசிகாமணி' என்று என் பெயர். ஐந்து தடவை. நாலில் எழுத்துப்பிழை, ஐந்தாவது சரி. முப்பத்திரண்டு வருஷத்தில் என் பெயரை அவள் வாயால் சொன்னதே இல்லை. ஆஸ்பத்திரியில் கணவர் பெயர் கேட்டால்கூட என்னைத் திரும்பிப் பார்ப்பாள். கடைக்குள் நின்றுகொண்டே அழுதுவிட்டேன். இம்தியாஸ் டீ வாங்கிக் கொடுத்தார்.

அன்றைய பாடத்தில் மெர்ஜும் இருந்தது. முருங்கைக்காய், பீர்க்கங்காய் இரண்டு கட்டத்தையும் ஒன்றாக்கச் சொன்னேன். பெட்டி குதித்தது. அவள் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு அப்படியே கையை எடுத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, மேல இருக்கறது மட்டுந்தான் இருக்குமாம், மத்ததெல்லாம் போயிருமாம். அமுக்கட்டுங்களா?"

"அமுக்கு. அது அப்படித்தான் கேட்டுட்டே இருக்கும்."

அமுக்கினாள். பீர்க்கங்காய் போய்விட்டது. "அட, நெசமாவே போயிருச்சுங்க!" என்றாள். அதற்குப் பிறகு அவள் தன் ஷீட்டில் எதையும் மெர்ஜ் செய்யவே இல்லை. இவளுக்கு ஏறவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 17, சனி

மூன்று வாரத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவள் ஷீட்டைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வருவாள். அந்தத் தாள்கள் ஆஸ்பத்திரி ஃபைலில் இருக்கும் என்று நேற்றுத்தான் உறைத்தது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

அந்த வார்டு நர்ஸ் ஷீபா சிஸ்டருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொன்னார். ஃபைலை எடுத்துப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பேப்பர் இல்ல சார். டாக்டர் பாத்துட்டு முக்கியமானத மட்டும் குறிச்சுக்குவாரு. தாள அக்காவே திருப்பி வாங்கிக்குவாங்க. கிழிச்சு பைக்குள்ள போட்டுப்பாங்க."

"கிழிச்சா?"

"ஆமா சார். வீட்டுல கெடந்தா நீங்க பாத்துருவீங்கன்னு. கம்ப்யூட்டர்ல இருக்கே அக்கான்னு ஒரு தடவை கேட்டேன். அது வேற, அவுரா தேடிப் பாத்தா பாக்கட்டும், நானா நீட்ட மாட்டேன்னு சொன்னாங்க." ஃபைலில் விரல் வைத்துப் படித்தார். "மார்ச்சுல வலி பத்துக்கு ஏழு, எட்டுன்னு இருக்கு. அப்பத்தான் மாத்திரைய மாத்துனோம். நீங்க வண்டி நிறுத்தப் போவீங்கல்ல, அந்த அஞ்சு நிமிஷத்துலதான் எல்லாத்தையும் சொல்லுவாங்க. நீங்க வந்ததும் பேச்ச மாத்திருவாங்க. உங்களுக்குத் தெரியும்தானே சார்?"

"தெரியும்" என்றேன்.

மாத்திரையை மாற்றியபோது கடையில் வாங்கினது நான்தான். பெயர் நீளமாக இருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஏன் மாற்றினார்கள் என்று நான் கேட்கவில்லை.

வரும் வழியில் பெட்ரோல் போட மறந்து, அவினாசி ரோட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். நல்ல வெயில்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

தாரணி மூன்று தடவை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. ஃபிரிட்ஜைத் துடைத்தேன். உள்ளே பின்னால் சின்ன டப்பாவில் வசந்தாமணி இடித்து வைத்த பருப்புப் பொடி இருந்தது. பூசணம் பிடித்திருக்கிறது. அதை மட்டும் கொட்டவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

ஷிஃப்ட் சார்ட் மாக்ரோவைத் திறந்து, எச்சரிக்கையை அணைக்கிற வரியை எடுத்துவிட்டேன். கடைசியில் இருந்த சேவ் வரியையும் எடுத்தேன். டிஸ்பாட்ச் மரகதம் மத்தியானமே வந்து நின்றார்.

"ஏன் சார், உங்க மாக்ரோவுக்கு என்னாச்சு? நாப்பது தடவை பொட்டி குதிக்குது. ஓகே, ஓகேன்னு அமுக்கி எனக்கு விரலே போச்சு!"

"படிச்சுப் பாத்துட்டு அமுக்குங்க."

"என்னத்தப் படிக்கறது? நாப்பது தடவையும் ஒண்ணுதானே போட்டுருக்கு!"

"நாப்பது தடவையும் படிங்க!" என்று கத்திவிட்டேன். செக்‌ஷனே திரும்பிப் பார்த்தது. மரகதம் முகம் சுண்டிப் போய்விட்டார். அவரும் வீட்டுக்காரரைப் பறிகொடுத்தவர், நான்கு வருஷம் ஆகிறது. டீ டயத்தில் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், எனக்குந்தான் மொத வருசம் எதுக்கெடுத்தாலும் பொசுக்குன்னு கோவம் வந்துச்சு" என்றார்.

ஆகஸ்ட் 24, சனி

நாளைக்குத் தாரணியிடம் சொல்லிவிடுவது. அவளுக்கு அம்மாவிடமிருந்து மிச்சம் இருந்தது அந்த ஷீட் ஒன்றுதான், அதையும் அப்பன்காரன் அழித்துவிட்டான் என்று சொல்ல வேண்டும். சொன்னபிறகு அவள் என்னோடு பேசாமல் போனால் எனக்கு இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பத்து மணி ஆவதற்கு முன்னாலேயே நானே கூப்பிட்டேன்.

"அம்மிணி, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். நீ என்னைத் திட்டு, எதுனாலும் சொல்லு. போனை மட்டும் வெச்சுறாத."

எல்லாவற்றையும் சொன்னேன். பழைய மாக்ரோ, மூன்று பத்தி, அணைத்து வைத்த எச்சரிக்கை, கடைசி வரியில் இருந்த சேவ். இம்தியாஸ் கடை, ஷீபா சிஸ்டர், ரிப்பேர் என்று சொன்ன பொய் வரைக்கும்.

"அப்பா, நான் ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"ஷீட் எங்கிட்ட இருக்குப்பா. முழுசா. வாராவாரம் அம்மா ஸ்கிரீனைப் போன்ல போட்டோ புடிச்சு எனக்கு அனுப்புவாங்க."

போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு கோபமும் வந்தது.

"அப்புறம் என்னத்துக்குடி எங்கிட்டக் கேட்ட? மூணு வாரமா நாய் படாத பாடு பட்டிருக்கேன்!"

"நீங்க திறந்து படிப்பீங்கன்னுதாம்ப்பா கேட்டேன்." அழ ஆரம்பித்துவிட்டாள். "நானா அனுப்பிப் படிங்கன்னு சொன்னா குத்திக் காட்டற மாதிரி இருக்கும். நீங்களாப் பாத்தீங்கன்னா நல்லாருக்கும்ன்னு நெனச்சேன். அன்னைக்கு எல்லா வரியும் படிச்சேன்னு சொன்னீங்க பாருங்க, எனக்கு அன்னைக்கு முழுக்கச் சோறு எறங்கல. படிச்சிருந்தா நீங்க அப்படிப் பேசியிருக்கவே மாட்டீங்க."

வசந்தாமணி என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டேன்.

"காலை வரி நீங்க பாக்கறதுக்கு. அதுக்குக் கீழ இருக்கறதெல்லாம் நீங்க படிக்கறதுக்குப்பா. வாயால சொன்னா நான் அழுதுருவேன், அவுரு பயந்துக்குவாரு, எழுதி வெச்சா என்னைக்காச்சும் கீழ வரைக்கும் பாப்பாருன்னு அம்மா சொல்லுவாங்க. கடைசியில 'அவர்'ன்னு போட்டு ஒரு பத்தி காலியா விட்டிருந்தாங்களே, பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

"அது நீங்க பதில் எழுதறதுக்கு விட்டது."

அதை முதல் நாளே டிலீட் செய்துவிட்டேன் என்பதை மட்டும் அவளிடம் சொல்ல முடியவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

போட்டோக்கள் வந்துவிட்டன. இருபது. திறக்கவில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

திறக்கவில்லை. வண்டிக்கு ஆயில் மாற்றினேன்.

ஆகஸ்ட் 31, சனி

முடிவு செய்துவிட்டேன். போட்டோவைப் பார்த்து நானே திரும்ப டைப் அடிக்கப் போகிறேன். மாக்ரோ இல்லை, காப்பி பேஸ்ட் இல்லை. அவள் மாதிரியே ஒரு விரலால் அடிக்கிறேன். ஒரு நாளைக்கு அவளுடைய ஒரு நாள், நாலு வரி. அவசரப்பட்டு அடுத்த நாளைப் பார்ப்பதில்லை. அவள் அப்படித்தான் கடந்தாள், நான் மட்டும் ஏன் ஓட வேண்டும்? 137 நாள் என்றால் பொங்கலன்று முடியும்.

புது ஃபைலில் டி பத்தியில் முதல் வேலையாக 'அவர்' என்று தலைப்புப் போட்டேன்.

ஜனவரி 22, ராத்திரி வரி: 'இன்னைக்கு நீங்க சொல்லிக் குடுத்தது நல்லாப் புரிஞ்சுதுங்க. பீர்க்கங்காய் போனதுதான் பாவமா இருக்குது.'

சிரித்துவிட்டேன். அப்புறம் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வெகுநேரம் ஆனது.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. ராஜலட்சுமி அக்கா கொழுக்கட்டை கொடுத்தார். ஜனவரி 29 அடித்தேன். மதிய வரியில் 'வாய்ல புண்ணுங்க. குழம்புல காரம் கம்மி பண்ணியிருக்கேன்' என்று இருக்கிறது. அந்த வாரம் குழம்பில் உப்பில்லை உறைப்பில்லை என்று நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தது ஞாபகம் வருகிறது. டி பத்தியில் 'ஊறுகாய் வெச்சுச் சாப்பிட்டிருப்பேன், சொல்லியிருக்கலாமே' என்று அடித்தேன். அவள் சொல்லித்தானே இருக்கிறாள். அதை அழித்துவிட்டு 'கோவிச்சுக்காதே' என்று அடித்தேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

தாரணி கேட்கிறாள், எதுவரைக்கும் வந்தீங்க என்று. பிப்ரவரி 6 என்றேன். "மெதுவாப் போங்கப்பா" என்றாள். முன்பெல்லாம் நாலு நிமிஷத்தில் வைத்துவிடுவோம், இன்றைக்கு ஒன்றரை மணி நேரம் பேசினோம். அவள் சொன்ன கதைகளில் பாதி எனக்குத் தெரியாது. நான் சொன்னவை எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

செப்டம்பர் 21, சனி

சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்தேன். இன்றைய நாலு வரி இவை. இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 12.

காலை: நல்லாத் தூங்குனேன். காபி குடிச்சேன்.

மதியம்: தூங்கலீங்க. நீங்க செருப்புப் போட்டுட்டு நிக்கறப்ப வேற என்னத்த எழுதறது. வலி ஆறு.

மாலை: தலைக்கு ஊத்துனேன், முடி கொத்துக் கொத்தாக் கையோட வந்துருச்சு. பீரோக் கண்ணாடியப் பாக்க முடியலீங்க, துண்டு போட்டு மூடிட்டேன். வந்து என்னன்னு கேளுங்க.

ராத்திரி: கேக்கலீங்க. அலைச்சல் உங்களுக்கு. நாளைக்குக் கேப்பீங்க.

அன்றைக்கு நான் கண்ணாடி மேல் துண்டைப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். "ஈரத் துண்டப் போட்டா பீரோ துருப் புடிக்காதா? அறிவில்லையா உனக்கு?" என்றேன். அவள் தலையில் முக்காடு போட்டிருந்தாள். சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் துண்டு இருந்தது, அதற்கு மறுநாளும் இருந்தது. அவள் போகிற வரைக்கும் இருந்தது, போன பிறகு எட்டு வாரமும் இருந்தது. அந்த நாலு மாதத்தில் ஒரு தடவைகூட அது ஈரமாக இருந்ததா என்று நான் தொட்டுப் பார்க்கவில்லை.

படுக்கையறைக்குப் போய், மடித்து வைத்திருந்த துண்டை எடுத்துக் கண்ணாடி மேல் திரும்பப் போட்டேன். வந்து உட்கார்ந்தேன். மாலை வரிக்கு நேரே, அவள் எனக்காக விட்டிருந்த கட்டத்தில், ஒரு விரலால் அடித்தேன்.

அவர்: என்ன வசந்தா, கண்ணாடிக்குத் துண்டு போட்டு மூடியிருக்கே?